மாரிக்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்: ஃபிளை கட்டும் சாமான் பற்றிய கேள்வி-பதில்

ஃபிளை என்றால் தூண்டில் முள்ளில் இறகு, மயிர் முதலியவற்றை நூலால் சுற்றிக் கட்டும் பொய் இரை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூஞ்சணம், கறள், பூச்சி பற்றியவை. ஐப்பசி மழை தொடங்கினால் இது வழமை. கேள்வி எழுதுபவர்கள் மூன்று விடயங்களைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்: சாமான் எந்த மாதிரிப் பெட்டியில் இருந்தது, மூடியில் ரப்பர் வளையம் உண்டா, கடைசியாக எப்போது திறந்தீர்கள். இந்த மூன்றும் தெரிந்தால் பெரும்பாலும் பழுதின் காரணமும் தெரிந்துவிடும்.

கேள்வி: மூன்று பக்டெயிலை (மயிரோடு பதப்படுத்திய மான் வால்) ஸிப் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்திருந்தேன். மழைக்குப் பிறகு எடுத்தால் தோல் பக்கம் வெள்ளையாகப் பூஞ்சணம். மணமும் அடிக்கிறது. எறிவதா? (கொக்குவில்)

முதலில் ஒரு பிடி மயிரை விரலால் இழுத்துப் பாருங்கள். அடியோடு கழன்று வந்தால் தோல் அழுகிவிட்டது, எறியுங்கள். மயிர் பிடித்து நின்றால் காப்பாற்றலாம்.

முற்றத்துக்குக் கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பழைய பல்லுத் தீட்டும் பிரஷால் பூஞ்சணத்தைத் தட்டி எடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூள் மற்றப் பெட்டிகளிலும் போய் இறங்கும். பிறகு 70 வீத சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றைப் பஞ்சில் எடுத்துத் தோல் பக்கத்தை ஒற்றுங்கள். கால் மணித்தியாலம் கழித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நாலைந்து துளி ஷாம்பு விட்டுக் கழுவி, இரண்டு தரம் அலசி, துவாயில் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே நிழலில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். வெயில் வேண்டாம். வெயிலில் சாயம் வெளிறும், தோல் சுருண்டு உள்ளிருக்கும் கொழுப்பு மேலே கசியும். வாலின் தடித்த அடிப்பகுதிதான் கடைசியாகக் காயும். அதைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேலே பல நாள் நின்றால் பூஞ்சணம் வளரும். மாரியில் எங்கள் வீடுகளுக்குள் 80க்கு மேலே சாதாரணமாக நிற்கும். உங்கள் பையில் வெளியீரம் புகுந்ததைவிட, அரைகுறையாகக் காய்ந்த தோலோடு உள்ளே அடைபட்ட ஈரமே வேலையைச் செய்திருக்கிறது. ஈரத்தோடு மூடாதீர்கள். இதை இந்தப் பகுதியில் இன்னும் பல தரம் சொல்லப் போகிறேன்.

கேள்வி: சிலிக்கா ஜெல் எவ்வளவு போட வேண்டும்? அதற்குப் பதிலாக அரிசி போடலாமா? (உரும்பிராய்)

5 லீற்றர் பெட்டிக்கு 50 கிராம் தாராளம். ஆனால் மூடியில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், நாலு பக்கமும் கொளுவ வேண்டும். வளையம் இல்லாத பெட்டியில் ஒரு கிலோ போட்டாலும் வீண். அது அறைக் காற்றின் ஈரத்தைத் தொடர்ந்து குடித்து நிரம்பிவிடும்.

நிறம் மாறும் மணிகளையே வாங்குங்கள். செம்மஞ்சள் மணி பச்சையானால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். நீல மணி இளஞ்சிவப்பாக மாறும், ஆனால் அதில் கோபால்ற் உப்பு இருப்பதால் சமையல் பாத்திரத்தோடு சேர்க்கக் கூடாது. செம்மஞ்சளே போதும். நிரம்பிய மணிகளைத் தகரத் தட்டில் ஒரே படையாகப் பரப்பி, 120 பாகை செல்சியஸில் இரண்டு மூன்று மணித்தியாலம் அவனில் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். மத்தியான வெயிலில் காயவைப்பது அரைவாசி வேலைதான் செய்யும்.

சின்ன ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். 45 முதல் 55 வரை நின்றால் திருப்தி. 35க்குக் கீழே இறக்கினால் இறகுத் தண்டு வரண்டு, நூல் சுற்றும்போது முறியும்.

அரிசி வேண்டாம். ஈரம் இழுப்பதில் அது மிகவும் பலவீனம், அதோடு வண்டை நீங்களே உள்ளே கொண்டுபோய் விடுகிறீர்கள்.

கேள்வி: எல்லாச் சாமானும் பழுதாய்ப் போச்சுது. என்ன செய்யலாம்? உடன் பதில் தேவை. (ஊர் குறிப்பிடவில்லை)

எது பழுது? இறகா, முள்ளா, ஒட்டா, நூலா? கறளா, பூச்சியா, பூஞ்சணமா? ஒன்றும் எழுதாமல் உடன் பதில் கேட்டால் எப்படி? மேலே சொன்ன மூன்று விடயங்களோடு திரும்ப எழுதுங்கள். அதுவரை பழுதானதை நல்லதிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள்.

கேள்வி: புது முள், ஒரு தரமும் கடலில் போடவில்லை. பைக்கற்றுக்குள்ளேயே கறள் பிடித்துவிட்டது. போலிச் சாமானா? (நெடுந்தீவு)

போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலான முட்கள் கரிமம் கூடிய உருக்கு. மேலே இருக்கும் பூச்சு மெல்லியது. தீவில் உப்புக்காற்று எந்த நேரமும் வீசுகிறது, சோளகம் பெயர்ந்தால் யன்னல் கம்பியிலேயே உப்புப் படியும். மட்டைப் பைக்கற் அந்த உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சி முள்ளோடு ஒட்டவைத்திருக்கிறது. வியர்வைக் கையால் பத்து முள்ளை அள்ளி, ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்பப் போடுவது இன்னொரு காரணம்.

வாங்கியவுடன் மட்டையை எறிந்துவிட்டு, அளவும் இலக்கமும் உள்ள துண்டை மட்டும் வெட்டிச் சின்னத் திருகுமூடிப் போத்தலுக்குள் முள்ளோடு போடுங்கள். ஒரு போத்தலுக்கு ஒரே அளவு. எல்லாப் போத்தல்களையும் சிலிக்கா உள்ள பெரிய பெட்டி ஒன்றில் அடுக்குங்கள். எண்ணெய் பூசி வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பூசலாம், ஆனால் கட்டுவதற்கு முன் ஸ்பிரிற்றால் துடைக்காவிட்டால் நூல் வழுக்கும், ஒட்டும் பிடிக்காது. ஆகவே காயவைப்பதே சுகம்.

கட்டி முடித்த ஃபிளைகளுக்கும் இதே கவனம் வேண்டும். கடலில் போட்டதை ஒருபோதும் அன்றே பெட்டிக்குள் திரும்பக் குத்தாதீர்கள். பெட்டியின் ஸ்பொஞ் உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் இருபது முள்ளையும் கறளாக்கும். போட்டதைத் தனிப் பேணியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். தீவுக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உவர். அந்தத் தண்ணீரில் அலசி என்ன பயன்? கடைசி அலசல் மழைத் தண்ணீரிலோ போத்தல் தண்ணீரிலோ இருக்கட்டும். ஒரு டசின் ஃபிளைக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். ஒரு இரவு காற்றில் விட்டு, மறுநாள் பெட்டிக்குள். ஈரத்தோடு மூடாதீர்கள்.

கேள்வி: சந்தையில் கோழி உரிக்கும் இடத்தில் இறகோடு நல்ல செம்பட்டைச் சேவல் கழுத்துத் தோல் ஒன்று கிடைத்தது. உப்புத் தடவிக் காயவைத்து மற்ற இறகுகளோடு வைத்தேன். இரண்டு மாதத்தில் அந்தப் பெட்டியில் இருந்த ஹக்கிள் (சேவல் கழுத்து இறகு), மராபூ (மென்மையான பஞ்சு இறகு), முயல் தோல் எல்லாம் அரிபட்டுவிட்டன. பூச்சி உருண்டை பத்துப் போட்டும் நிற்கவில்லை. (நல்லூர்)

இந்தக் கடிதம் ஆளும் ஊரும் மாறி ஒவ்வொரு வருடமும் வருகிறது. புதிதாக வந்த சாமானைப் பழைய சாமானோடு ஒரே நாளில் சேர்ப்பதைப் போலக் கேடான பழக்கம் இந்தக் கைவேலையில் வேறில்லை. சந்தைக் கழுத்தாக இருந்தாலும், வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய விலைகூடிய கேப்பாக (இறகோடு பதப்படுத்திய சேவல் கழுத்துத் தோல்) இருந்தாலும், நண்பர் தந்த ஒரு பிடி மராபூவாக இருந்தாலும் விதி ஒன்றுதான்: ஒன்றரை மாதம் தனியே.

முதலில் எது தின்றது என்று பாருங்கள். பட்டுப்போன்ற வெள்ளை நூற்கூடும், இறகுத்தூள் ஒட்டிய சின்னக் குழாய்களும் கிடந்தால் அந்துப்பூச்சி. மண்ணிறத்தில், மயிர் முளைத்த வெற்றுத் தோல்கள் கிடந்தால் தோல் வண்டு. இரண்டிலும் பெரும்பாலும் தின்பது புழுதான். பறக்கும் அந்தை அடித்துக் கொன்றுவிட்டு நிம்மதியடையாதீர்கள், அது முட்டை இட்டு முடித்திருக்கும். எங்கள் சூட்டில் முட்டை ஒரு கிழமைக்குள் பொரித்துவிடும். புழுவுக்கு வேண்டியது இறகிலும் மயிரிலும் உள்ள கெரற்றின். தோலில் கொழுப்பும் இறைச்சித் துணுக்கும் ஒட்டியிருந்தால் வண்டுக்கு அது விருந்து. நைலோன், ஃபிளாஷ் (மினுங்கும் செயற்கை இழை) போன்றவற்றைத் தின்னாது.

இரண்டாவது பிழை உப்பு. கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீர் விடத் தொடங்கும். மாரியில் உங்கள் கழுத்து எந்நேரமும் நனைந்தபடியே கிடந்திருக்கும். உப்புக்குப் பதில் வெண்காரம் (போராக்ஸ்) பாவியுங்கள். தோலில் உள்ள கொழுப்பு முழுவதையும் மொட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, இறகை மின்விசிறியில் உலர்த்துங்கள். தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, இறகுப் பக்கம் கீழே இருக்கும்படி மட்டையில் விரித்துக் குண்டூசியால் குத்தி, வெண்காரத் தூளை நன்றாகத் தேயுங்கள். ஒரு கழுத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். இரண்டு கிழமை நிழலில் விட்டுத் தூளைத் தட்டி எடுத்தால் தோல் கடுதாசி போல விறைத்து நிற்கும். வெண்காரம் பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது.

அதற்குப் பிறகும் உடனே சேர்க்காதீர்கள். ஸிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, அதை இன்னொரு பைக்குள் போட்டு, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் காட்டும் ஆழ் உறைபெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்தால் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த இறகின்மேல் காற்றின் ஈரம் வியர்த்து இறங்கும். அறைச் சூட்டில் ஒரு கிழமை விட்டு மீண்டும் ஒரு கிழமை உறைய வையுங்கள். மிச்ச நாட்களுக்குத் தெளிவான பையில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துக் கவனியுங்கள். தாளில் மணல் போன்ற கழிவு ஒன்றும் விழாவிட்டால் மட்டும் பெட்டிக்குள் இடம். இப்போது அரிபட்டவற்றில் தண்டு மட்டும் மிஞ்சியதை எரித்துவிடுங்கள். நல்லதாகத் தெரிவதும் இதே உறையலுக்குப் போகட்டும். பெட்டியின் மூலைகளைத் தூசு உறிஞ்சியால் இழுத்து, சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக் காயவையுங்கள். பெட்டி லாச்சிக்குள் இருந்தால் அதற்குக் கீழே உள்ள லாச்சியையும் பாருங்கள். கம்பளிச் சால்வை, பழைய தொப்பி இருந்தால் அவற்றையும் உதறுங்கள்.

இனிப் பூச்சி உருண்டை. கடையில் இரண்டு வகை உண்டு: நப்தலீன், பரடைகுளோரோபென்சீன். எது என்று பைக்கற்றில் வாசிக்காமலே வாங்குகிறீர்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்தால் எங்கள் வீட்டுச் சூட்டிலேயே உருகி ஒழுகி இறகில் கறையாகும். கற்பூரத்தோடு நப்தலீன் சேர்ந்தாலும் அப்படியே. விலை குறைந்த தெளிவான பெட்டிகள் பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக். அவற்றை இந்த ஆவி இளக்கி, மூடியையும் தட்டையும் பிசினாக்கிவிடும். ஆவி அடர்த்தியாக நின்றால்தான் புழு சாகும், அதற்குக் காற்றுப் புகாத பெட்டி வேண்டும். அலுமாரியில் பத்து உருண்டை போட்டால் புழு சாகாது, வீட்டில் உள்ளவர்கள்தான் அந்த ஆவியைச் சுவாசிப்பார்கள். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். இவ்வளவுக்கும் பிறகு அந்த மணம் ஃபிளையில் ஊறிக் கிடக்கும். காற்றுப் புகாத பெட்டி உங்களிடம் இருந்தால், சுத்தமான இறகை உறையவைத்து உள்ளே போட்ட பின் உருண்டைக்கு என்ன வேலை?

கேள்வி: பனையோலைப் பெட்டியில் வேப்பிலை, வசம்பு போட்டு இறகு வைக்கலாமா? அந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தானே வைத்தார்கள்? (மானிப்பாய்)

ஓலைப்பெட்டி காற்றோட்டமானது. கத்தரி, பொபின், நூற்கட்டை, மெழுகு வைக்க மிக நல்லது. இறகுக்குச் சரிவராது. பின்னலின் இடைவெளியால் அந்துப்பூச்சி தாராளமாகப் போய் வரும். பச்சை வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும், காய்ந்தது நொருங்கித் தூளாகி டபிங்கோடு (நூலில் முறுக்கிச் சுற்றும் மயிர்ப் பஞ்சு) கலக்கும். வசம்பின் மணம் கொஞ்ச நாள் பூச்சியை ஒதுக்கலாம், உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. ஓலைப்பெட்டியில்தான் வைப்பேன் என்றால், இறகைக் காற்றுப் புகாத பைகளில் அடைத்துப் பிறகு உள்ளே அடுக்குங்கள்.

கேள்வி: நிறத்தால் பிரிப்பதா, பொருளால் பிரிப்பதா? தேடித் தேடியே நேரம் போகிறது. (கரவெட்டி)

இரண்டுமே இரண்டாம் பட்சம். நீங்கள் உண்மையில் கட்டும் ஃபிளைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அனேகமாக ஐந்து ஆறுக்கு மேலே வராது. கடல்நீரேரியில் பாரைக்கும் கட்டாவுக்கும் வெள்ளையும் பச்சைமஞ்சளும் கலந்த கிளவுசர் என்ற ஃபிளை, 1/0 அல்லது 2/0 அளவு முள்ளில். சீலாவுக்கு நீளமானது ஒன்று. ஆழம் குறைந்த இடத்துக்கு 4, 6 அளவில் இறால் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய ஸிப் பை. அதற்குள் இருபது ஃபிளைக்கு வேண்டிய முள், டம்பெல் கண் (பாரத்துக்குக் கட்டும் இரட்டைக் குமிழ்), நூல், ஒரு துண்டு பக்டெயில், ஃபிளாஷ், செய்முறை எழுதிய மட்டை. கட்ட இருக்கும்போது ஒரு பையை மட்டும் எடுத்தால் மேசையில் குப்பை சேராது.

மிச்சக் கையிருப்பைப் பொருளால் பிரியுங்கள், நிறத்தால் அல்ல. பிரிக்க வேண்டியதில் முக்கியம் இது: விலங்கு, பறவைச் சாமான் ஒரு பக்கம், செயற்கைச் சாமான் மறு பக்கம். பூச்சி வந்தால் இழப்பு ஒரு பக்கத்தோடு நிற்கும். தோலோடு உள்ளவற்றை உதிரி இறகுகளிலிருந்தும் பிரியுங்கள். ஒரு பெரிய பெட்டியைவிட 5 லீற்றர் பெட்டி நாலு நல்லது. பெயரை மாஸ்கிங் ரேப்பில் பென்சிலால் எழுதி, வாங்கிய மாதத்தையும் சேருங்கள். பேனை மை ஈரத்தில் ஊறிவிடும்.

மராபூவை அமத்தி அடுக்காதீர்கள். மடிந்த நுனி நிமிர மறுத்தால் கேத்தல் ஆவியில் பத்து விநாடி பிடியுங்கள், நிமிரும். பிறகு காயவிட்டு வையுங்கள்.

கேள்வி: யூவி ரெசின் (புறஊதா ஒளியில் இறுகும் ஒட்டு) போத்தலிலேயே இறுகிவிட்டது. கியூடெக்ஸும் தடித்துவிட்டது. (வல்வெட்டித்துறை)

ரெசினை யன்னலோரம் வைத்தீர்களா? பகல் வெளிச்சமே அதை இறுக்கும். பாவித்தவுடன் நுனியைத் துடைத்து மூடி, இருட்டான பேணிக்குள் வையுங்கள். யூவி ரோர்ச்சைப் போத்தலின் பக்கமே திருப்பக் கூடாது. இறுகியதற்கு மருந்து இல்லை. ஃபிளையின் தலையில் நூலை ஒட்டப் பாவிக்கும் கியூடெக்ஸ் தடித்தால் சில துளி அசெற்றோன் விட்டுக் கலக்கலாம். மூடியின் புரியில் வசிலின் தடவினால் மூடி ஒட்டாது, காற்றும் போகாது. சுப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகும் பொருள். திறந்த குழாயைச் சிலிக்காவோடு திருகுமூடிப் போத்தலில் போடுங்கள். திறக்காததை மட்டும் பிரிட்ஜில் வைக்கலாம்.

கேள்வி: ஃபிளைக்குக் கட்டும் ரப்பர் கால்கள் தட்டோடு உருகி ஒட்டிவிட்டன. (குருநகர்)

பக்கத்தில் மென்பிளாஸ்ரிக் பொய்ப்புழு இருந்திருக்கும். அதிலிருந்து கசியும் எண்ணெய் ரப்பரையும் இளக்கும், தட்டையும் இளக்கும். மென்பிளாஸ்ரிக்கை அதன் சொந்தப் பையிலேயே விடுங்கள். ரப்பர் காலுக்கு முகப் பவுடர் கொஞ்சம் தூவி, வெளிச்சம் படாமல் தனியே வையுங்கள்.

கேள்வி: வன்னிப் பக்கம் மயில் இறகும் காட்டுக்கோழி இறகும் கிடக்கின்றன. பொறுக்கிச் சேர்த்து வைக்கலாமா? (சாவகச்சேரி)

வேண்டாம். காட்டுக்கோழி எங்கள் தேசியப் பறவை. காட்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக்கு 1937ஆம் ஆண்டிலிருந்து கட்டளைச் சட்டம் உண்டு. நிலத்தில் கிடந்தது என்பதை நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்? வளர்ப்புச் சேவலின் கழுத்தும் முதுகும் போதும். மயில் இழை வேண்டுமென்றால் பற்றுச்சீட்டோடு கடையில் வாங்குங்கள். அதை மடிக்காமல், இரண்டு அங்குல பிவிசி குழாயில் இரண்டு பக்கமும் மூடி போட்டு நீளமாக வையுங்கள். மடிந்த இடத்தில் இழை முறியும்.

கேள்வி: ஒரே பையில் இருந்த சிவப்பு மராபூவின் நிறம் வெள்ளையில் ஏறிவிட்டது. (கோப்பாய்)

ஈரம் இருந்திருக்கிறது. வேறு என்ன சொல்ல? வீட்டில் சாயம் போட்டதென்றால் சாயத்தை நிலைநிறுத்தவில்லை. ஒரு லீற்றர் சுடுதண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு, கொதிக்கவிடாமல் அரை மணித்தியாலம் வைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். வெள்ளையை எப்போதும் தனிப் பையில் வையுங்கள்.

கேள்வி: ஆழ் உறைபெட்டி இல்லை. வீட்டுப் பிரிட்ஜின் மேல்தட்டு போதுமா? குசினியில் இறகு வைக்க அம்மா விடமாட்டா. (சுன்னாகம்)

ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் ஐஸ் தட்டுப் பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். அந்தக் குளிரில் புழு மயங்கிக் கிடந்து, வெளியே எடுத்ததும் திரும்பத் தின்னத் தொடங்கும். உறைபெட்டிக்குத் தனிக் கதவு உள்ள பிரிட்ஜ் என்றால் சரி. ஒரு வெப்பமானியை இரவு முழுவதும் உள்ளே வைத்து, பூச்சியத்துக்குக் கீழே 18 காட்டுகிறதா என்று பாருங்கள். மின் தடைப்பட்டு உள்ளே இளகினால் அன்றிலிருந்து நாள் எண்ணுங்கள், முந்திய நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அம்மா சொல்வது சரி. பச்சைத் தோல் உணவோடு இருக்கக் கூடாது. வெண்காரம் தேய்த்தது உணவின் பக்கத்திலேயே வரக் கூடாது. இரண்டு பை, அதற்கு மேலே மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி, பெட்டியின் மேல் "சாப்பாடு அல்ல" என்று எழுதிய ரேப், உள்ளே வைத்த திகதி. உறைபெட்டி உள்ள உறவினர் வீட்டில் கேட்டாலும் இந்தப் பெட்டியோடு போய்க் கேளுங்கள். உறைய வைக்க வழியே இல்லையென்றால் தோலோடு உள்ள சாமான் வாங்காதீர்கள். கழுவிச் சாயமிட்டுப் பொதி செய்த உதிரி இறகும் செயற்கை மயிரும் போதும், அவற்றையும் ஒன்றரை மாதம் தனியே வைத்த பிறகு.